சைலன்சருக்குள் ஒரு நாதஸ்வரம்

தருமபுரிப் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, என் யமஹா ஆர்எக்ஸ் 100-ல பேஃபிளைக் கழற்றிட்டேன். சத்தம் செமையா இருக்கு. ஆனா ஏத்தத்துல முன்ன மாதிரி இழுக்க மாட்டேங்குது. மெக்கானிக் கார்புரேட்டர்னு சொல்றாரு. உண்மையா?"

கார்புரேட்டர் பாவம், அதை விட்டுவிடுங்கள் தம்பி. பேஃபிள் என்பது சைலன்சரின் பின்பக்கத்துக்குள் சத்தத்தை அடக்கச் செருகியிருக்கும் குழாய். ஆனால் நீங்கள் கழற்றியது ஒரு வாத்தியத்தின் பாகத்தை.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். பத்தொன்பது வயதில், "நாலு ஓட்டை போட்டா வண்டி பறக்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, சைலன்சரின் பின்பக்கத்தில் டிரில் போட்டேன். மறுவாரமே நண்பனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கொல்லிமலை. காரவள்ளியில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் செம்மேடு போவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பதினைந்தாவது வளைவுக்குள்ளேயே வண்டிக்கு மூச்சு வாங்கியது. வளைவுக்காக வேகம் குறைந்ததும் தூங்கிவிடும். எவ்வளவு முறுக்கினாலும் சத்தம்தான் வரும், இழுவை வராது. முப்பதாவது வளைவில் நண்பன் இறங்கி நடந்தான். எனக்கு முன்னாடியே மேலே போய் நின்றான் என்பது அவன் இன்றுவரை சொல்லும் கதை. அதில் கொஞ்சம் மிகை உண்டு.

ஏன் அப்படி ஆயிற்று என்று புரிய எனக்குப் பல வருடம் பிடித்தது.

ஃபோர் ஸ்ட்ரோக் கதை பள்ளியில் படித்ததுதான்: உறிஞ்சு, அழுத்து, வெடி, வெளியேற்று. புல்லட் அப்படி. புகையை வெளியே தள்ள ஒரு முழு ஸ்ட்ரோக், கதவு மாதிரி வால்வுகள், எல்லாம் நிதானம். உங்கள் ஆர்எக்ஸ் டூ ஸ்ட்ரோக். அதில் அந்த நிதானம் கிடையாது. பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஒரு வெடி. அந்த மாதிரி வால்வும் இல்லை, சிலிண்டர் சுவரில் ஓட்டைகள், பிஸ்டனே அவற்றின் கதவு. பிஸ்டன் கீழே இறங்கும்போது முதலில் எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கும், புகை பாயும். இன்னும் கொஞ்சம் இறங்கியதும் டிரான்ஸ்ஃபர் போர்ட் திறக்கும், பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸ் அறையிலிருந்து புதுக் கலவை மேலே வரும். அதாவது வாசலும் கொல்லைக்கதவும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். புதிதாக வந்த பெட்ரோல் கலவையில் ஒரு பகுதி, வந்த வேகத்திலேயே புகையோடு சேர்ந்து வெளியே போய்விடும்.

டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முன்வாசலில் ஏறுகிற கூட்டத்தின் நெரிசலில், இறங்க வேண்டியவர்களோடு இறங்க வேண்டாதவர்களும் பின்வாசல் வழியே தள்ளப்பட்டுப் படியில் தொங்குகிறார்கள். பஸ் கிளம்பினால் அவர்கள் போச்சு. கிளம்புவதற்கு ஒரு நொடி முன்பு கண்டக்டர் வந்து "உள்ள போ, உள்ள போ" என்று முதுகில் கைவைத்து ஒரே தள்ளாகத் தள்ளிக் கதவைச் சாத்தினால்? டிக்கெட் ஒன்றுகூட வீணாகாது.

அந்தக் கண்டக்டர் உங்கள் சைலன்சருக்குள் இருக்கிறார். அவருக்கு உடம்பு கிடையாது. அவர் ஒரு சத்தம்.

இந்த இடத்தில்தான் எனக்கு இன்றும் புல்லரிக்கும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் புகை மட்டும் கிளம்புவதில்லை. அதற்கு முன்னால் ஓர் அழுத்த அலை கிளம்புகிறது. பட்டாசுச் சத்தம் போல ஓர் உதை. சூடான புகைக்குள் அது ஏறக்குறைய நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் ஓடும். சாதாரணக் காற்றில் ஒலியின் வேகம் சுமார் 340. சூடு ஏற ஏற வேகமும் ஏறும். இந்த அலை குழாயின் வடிவம் மாறும் இடத்துக்கு வரும்போது, அதில் ஒரு பங்கு திரும்பி வருகிறது.

எப்படித் திரும்புகிறது என்பதுதான் விசேஷம். சின்ன வயதில் சட்டையைப் பிடித்துக்கொண்டு ரயில் விளையாடியிருப்பீர்கள். வரிசையின் கடைசிப் பையனை ஒரு தள்ளு தள்ளினால், அந்தத் தள்ளு முதுகு முதுகாக முன்னால் போகும். முதல் பையனுக்கு எதிரே சுவர் இருந்தால் அவன் மோதிப் பின்னால் சாய்வான். தள்ளு தள்ளாகவே திரும்பி வரும். எதிரே வெட்டவெளி என்றால்? அவன் முன்னால் பாய்வான், அவன் சட்டையைப் பிடித்திருப்பவனையும் இழுப்பான், அவன் அடுத்தவனை. போனது தள்ளு, திரும்பி வருவது இழுப்பு.

குழாய்க்குள்ளும் இதேதான். குழாய் அகலும் இடம் வெட்டவெளி மாதிரி. அங்கிருந்து ஓர் உறிஞ்சல் திரும்பும். குழாய் குறுகும் இடம் சுவர் மாதிரி. அங்கிருந்து ஓர் உதை திரும்பும். ஆகவே எக்ஸாஸ்ட் குழாயை முதலில் மெல்ல அகலும் கூம்பாகவும், பிறகு வயிறு வைத்தும், பிறகு குறுகும் கூம்பாகவும், கடைசியில் ஒரு சின்ன வாலாகவும் செய்தால் என்ன ஆகும்? முதல் கூம்பிலிருந்து வரும் உறிஞ்சல் சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையை வெளியே இழுத்து, புதுக் கலவையையும் கிராங்க் கேஸிலிருந்து கூடுதலாக மேலே இழுக்கும். அந்த இழுப்பில் கொஞ்சம் கலவை குழாய்க்குள்ளேயே சிந்திவிடும். பரவாயில்லை. பின்னாலேயே இரண்டாவது கூம்பில் மோதிய உதை வருகிறது. டிரான்ஸ்ஃபர் போர்ட் மூடி, எக்ஸாஸ்ட் போர்ட் மூட இருக்கும் அந்தக் கடைசி இடைவெளியில், சிந்திய கலவையை அப்படியே அள்ளி உள்ளே திணிக்கிறது. பிஸ்டன் கதவைச் சாத்துகிறது.

நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை. வெறும் தகரம், சரியான வடிவத்தில்.

நேரம் பொருந்துகிறதா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்எக்ஸ் 100 தன் 11 குதிரைத் திறனைக் கொடுப்பது நிமிடத்துக்கு 7,500 சுற்றில். நொடிக்கு 125 சுற்று, ஒரு சுற்றுக்கு 8 மில்லி நொடி. இந்த மாதிரி என்ஜின்களில் எக்ஸாஸ்ட் போர்ட் ஏறக்குறைய அரைச்சுற்று திறந்திருக்கும். அதாவது 4 மில்லி நொடி. நொடிக்கு 500 மீட்டர் ஓடுகிற அலை 4 மில்லி நொடியில் போய்வரும் தூரம் 2 மீட்டர். போக ஒன்று, வர ஒன்று. உங்கள் வண்டியின் என்ஜினிலிருந்து வளைந்து வரும் பெண்ட் பைப்பிலிருந்து சைலன்சரின் பின்பகுதி வரை ஒரு டேப்பை வைத்து அளந்து பாருங்கள். அந்த நீளம் அழகுக்காக வைத்ததல்ல.

இப்போது வண்டி பாதி வேகத்துக்கு, 3,750 சுற்றுக்கு, இறங்கிவிட்டது என்று வையுங்கள். போர்ட் 8 மில்லி நொடி திறந்திருக்கும். ஆனால் அலைக்கு அது தெரியாது; அது பழையபடி நாலாவது மில்லி நொடியில் வந்து நிற்கும். கண்டக்டர் பாதி நிறுத்தத்திலேயே வந்து, ஏறிக்கொண்டிருப்பவர்களையும் இறங்க வேண்டியவர்களையும் சேர்த்துத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார். மிச்ச நேரம் கதவு திறந்தே கிடக்கிறது. டூ ஸ்ட்ரோக் வண்டி கீழ் வேகத்தில் சோர்ந்து கிடந்து, ஓர் இடம் தாண்டியதும் திடீரென்று 'ஙீஈஈ' என்று பிய்த்துக்கொண்டு போகிறதே, அந்த இடம்தான் அலையும் கதவும் கைகோக்கும் இடம்.

பந்தய வண்டியில் இந்தக் கூம்புகள் வெளியே தெரியும், பாம்பு எலியை விழுங்கின மாதிரி. சாலை வண்டிகளில் இதே வித்தை மிதமான அளவில் சைலன்சருக்குள் அடக்கமாக இருக்கும். பின்னால் இருக்கும் பேஃபிள் சத்தத்தைக் குறைக்க மட்டும் அல்ல. குழாய்க்குள் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைத்து, திரும்பும் உதைக்குத் தோள் கொடுக்கிறது. அதைக் கழற்றினால் சுவர் இருந்த இடம் வெட்டவெளி ஆகிவிடும். கண்டக்டருக்குப் பதிலாக ஜேப்படிக்காரர் வருவார்.

வாத்தியம் என்று சொன்னது உவமைக்காக மட்டும் இல்லை. நாதஸ்வரத்தில் வாயில் வைத்து ஊதும் சீவாளியில் பிறக்கும் அலை அந்தக் கூம்புக் குழாய் வழியே ஓடி, வெளியே திறக்கும் இடத்தில் ஒரு பங்கு திரும்பி வந்து சீவாளியை மறுபடி அசைக்கிறது. போய்வரும் நேரம்தான் சுருதி. டூ ஸ்ட்ரோக்கில் சீவாளி இருக்க வேண்டிய இடத்தில் பிஸ்டன். ஒரே வித்தியாசம்: சீவாளி குழாய் சொன்ன பேச்சைக் கேட்கும், பிஸ்டன் கிராங்குக்கு வாழ்க்கைப்பட்டது, குழாய் சொன்னால் கேட்காது. ஆகவே சில வேகங்களில் மட்டும் இரண்டுக்கும் ஒத்துப்போகும். இன்னொன்றும் உண்டு. சூடேறினால் ஒலி வேகமெடுக்கும், அதனால் குழல் வாத்தியங்களுக்குச் சுருதி ஏறும். காலையில் ஆர்எக்ஸைக் கிளப்பி முதல் இரண்டு தெரு வரை அது மந்தமாக இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. குழாய்க்குச் சுருதி சேரவில்லை.

ஒரு கிறுக்குக் கணக்கு: நிமிடத்துக்கு ஏறக்குறைய 7,850 சுற்றில் வெடிகள் நொடிக்கு 131. அது ஒரு கட்டை சுருதியில் ஆண் பாடகர் பிடிக்கும் ஷட்ஜம். புல்லட் நின்ற இடத்தில் 900 சுற்றில் உறுமும்போது நொடிக்கு ஏழரை வெடிதான். காது அதை ஸ்வரமாகக் கேட்காது, தாளமாக எண்ணும். ஆக, புல்லட்காரர்கள் மிருதங்க ரசிகர்கள், நாங்கள் நாதஸ்வர ரசிகர்கள். சண்டை தேவையில்லை. சினிமாவில் மட்டும் மீசை வைத்த நாயகனுக்கு எப்போதும் புல்லட்டையே கொடுக்கிறார்கள். அது எனக்குத் தீராத வருத்தம்.

இதைக் கண்டுபிடித்து ஒழுங்குபடுத்திய கதை உளவுப்படத்துக்குக் குறைந்ததல்ல. கிழக்கு ஜெர்மனியின் ச்சோபாவ் என்ற சிற்றூர். ஒரு காலத்தில் டிகேடபிள்யூ மோட்டார் சைக்கிள் ஆலையால் உலகப் புகழ் பெற்றிருந்தது. போருக்குப் பின் அது எம்இசட். அங்கே பந்தயப் பிரிவை 1953-இல் ஏற்றவர் வால்டர் காடன், போர்க்காலத்தில் ஜெர்மனியின் ராக்கெட் ஆய்வுத் தளமான பேனமுண்டேயில் பணியாற்றிய பொறியாளர். குழாயை அகலமாக்கிப் பார்க்கும் யோசனையை 1950-களின் தொடக்கத்திலேயே எரிக் வோல்ஃப் என்பவர் முயன்றிருந்தார். காடன் செய்தது, அலையைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பை வைத்து அந்த அலைகளைக் கண்ணால் பார்த்தது. பணம் இல்லை, நல்ல உலோகம் இல்லை, நல்ல பேரிங் இல்லை. ஆனால் 1961-க்குள் 125 சிசி என்ஜினில் 25 குதிரைத் திறன். லிட்டருக்கு 200. காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் இல்லாத எந்த என்ஜினும் அதுவரை தொடாத எண். ஒப்பிட்டுப் பார்க்க: நம் ஆர்எக்ஸ் லிட்டருக்குச் சுமார் 112, பழைய 350 புல்லட் சுமார் 52.

அதே 1961 செப்டம்பரில், ஸ்வீடன் கிராண்ட் பிரியில், சாம்பியன் பட்டத்தின் விளிம்பில் நின்ற எம்இசட் ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னரின் என்ஜின் உடைந்தது. அவர் அணியோடு ஊர் திரும்பவில்லை, மேற்குக்குத் தப்பினார். மனைவியையும் பிள்ளைகளையும் காரின் டிக்கியில் ஒளித்து எல்லை கடத்தியிருந்தார்கள். காடனின் வித்தையோடு அவர் போய்ச் சேர்ந்தது ஜப்பானின் சுசுகி. மறுவருடமே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு, ஓட்டியவர் டெக்னர். அவர் விழுந்த ஒரு வளைவுக்கு சுசூகா பந்தயத் தடத்தில் இன்றும் அவர் பெயர். காடனுக்கு மிஞ்சியது ச்சோபாவ்.

அந்தச் சுசுகியின் 100 சிசி டூ ஸ்ட்ரோக்தான் 1984-இல் ஓசூரிலிருந்து இன்ட்-சுசுகியாக வெளிவந்தது. யமஹா கதையும் அதே ச்சோபாவில்தான் வேர் விடுகிறது: 1955-இல் வந்த அதன் முதல் பைக் ஒய்ஏ-1, ச்சோபாவில் பிறந்த டிகேடபிள்யூ ஆர்டி 125-ஐப் பார்த்துச் செய்தது. அதைச் செய்தவர்கள் யார்? ஆர்மோனியமும் பியானோவும் செய்துகொண்டிருந்த இசைக்கருவிக் கம்பெனி. யமஹா சின்னத்தில் இருக்கும் மூன்று குச்சிகளை ஸ்பேனர் என்று நினைத்திருந்தால், இல்லை. அவை சுருதி பார்க்கும் இசைக்கவைகள். 1985-இல் ஆர்எக்ஸ் 100 எஸ்கார்ட்ஸ் என்ற இந்தியக் கம்பெனி வழியாக இங்கே வந்து 1996-இல் நின்றது. என்னதான் கண்டக்டர் இருந்தாலும் கொஞ்சம் கலவை எரியாமல் வெளியே போகத்தான் செய்யும், எண்ணெயும் சேர்ந்து எரியும். புகை விதிகள் இறுகியது நியாயம்தான். ரசிகனாக வலிக்கிறது, நுரையீரல் உள்ளவனாக ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு பொருமல் மட்டும். சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் நடந்த நாளிலிருந்து சென்னையிலும் கோவையிலும் அரத்தால் போர்ட்டைத் தேய்த்து, தகரத்தைச் சுருட்டி வெல்டு வைத்து, காதால் கேட்டே குழாய் செய்த மெக்கானிக்குகள் இருந்தார்கள். அவர்கள் கைக்கு ஓர் அழுத்தமானியும் ஆசிலாஸ்கோப்பும் போய்ச் சேரவில்லை. அந்தக் கருவிகள் பொறியியல் கல்லூரி லேபில், ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் திறக்கும் பீரோவில், உறையோடு இருந்தன. இருக்கின்றன. ஆராய்ச்சிக்கு நிதி இல்லை என்று சொல்லும்போது எனக்கு அந்தப் பீரோவின் பூட்டுதான் ஞாபகம் வரும்.

மூடநம்பிக்கை பற்றியும் கேட்பீர்கள். ஹேண்டில்பாரில் எலுமிச்சை கட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அலைகளை அது ஒன்றும் செய்யாது. சைலன்சரில் ஓட்டை போட்டால் பவர் ஏறும் என்பதுதான் ஆபத்தான மூடநம்பிக்கை. சத்தம் கூடினால் வேகம் கூடியதாகக் காது ஏமாற்றும். வாட்ச் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஆகவே தம்பி, பேஃபிளைத் தேடி எடுத்து, கரியைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். பெண்ட் பைப் சேரும் இடத்தில் எண்ணெய் கசிந்திருந்தால் கேஸ்கெட்டையும் மாற்றுங்கள். அங்கே கசிந்தால் அலை வழியிலேயே செத்துவிடும். பிறகு ஒரு நாள் கொல்லிமலை போங்கள். வளைவுக்கு முன்பே ஒரு கியர் இறக்கி, அந்த 'ஙீ' காதில் விழும் வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். பின்னால் இருப்பவர் இறங்கி நடக்க வேண்டி வராது.