மாற்றுப் பாராசூட் இல்லாத குதிப்பு

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ட்வின் ஃபால்ஸ் என்ற ஊரின் ஓரமாக ஓடுகிறது ஸ்னேக் ஆறு. அதன் மேலே பெரைன் பாலம். பாலத்திலிருந்து தண்ணீர் 148 மீட்டர் கீழே இருக்கிறது. கைப்பிடிக் கம்பியைத் தாண்டிக் குதிப்பவர் எதுவுமே செய்யாமல் விழுந்தால் ஐந்தரை வினாடியில் ஆற்றில் மோதுவார். அதற்குள் அவர் முதுகில் மடித்து வைத்த இருபது சதுர மீட்டருக்கும் அதிகமான நைலான் துணி வெளியே வந்து, கயிறுகள் சிக்காமல் நீண்டு, காற்றை நிரப்பிக்கொண்டு அவரைத் தாங்கியாக வேண்டும். இறங்குமிடம் பார்த்துத் திரும்புவதற்குக் கொஞ்சம் உயரமும் மிச்சம் இருக்க வேண்டும்.

இதுதான் பேஸ் ஜம்பிங். கட்டடம், ஆன்டெனா கோபுரம், பாலம், செங்குத்துப் பாறை என நிலத்தில் நிற்கும் ஒன்றிலிருந்து பாராசூட்டோடு குதிப்பது. இந்த நான்கின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து வந்த பெயர். பேச்செல்லாம் குதிப்பவரின் துணிச்சலைப் பற்றித்தான் நடக்கிறது. அவர் முதுகில் இருக்கும் பையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. உயிரைக் காப்பாற்றுவது அந்தப் பையும், அதை மடித்துத் தைத்த கைகளும்தான் என்பதால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியே.

முதலில் விமானத்திலிருந்து குதிப்பதைப் பார்த்துவிடலாம். வழக்கமாக 4,000 மீட்டர் உயரத்தில் வெளியேறுவார்கள். பத்துப் பன்னிரண்டு வினாடியில் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரை நெருங்கும். அதற்கு மேல் காற்றின் எதிர்ப்பும் உடலின் எடையும் சமமாகிவிடுவதால் வேகம் கூடாது. தரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் மேலே பாராசூட்டைத் திறப்பார்கள். அது விரிந்து முடிய இருநூறு மீட்டர் ஆனாலும் கவலையில்லை. மெதுவாக விரிந்தால்தான் உடம்புக்கு நல்லது. விரியாமல் போனால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டாவது பாராசூட்டை இழுக்கலாம்.

பெரைன் பாலத்தில் அந்த இரண்டாவது வாய்ப்புக்கு நேரமே கிடையாது. முதல் பாராசூட்டில் கோளாறு என்று கண்டு, கழற்றி, அடுத்ததைத் திறப்பதற்குள் ஆறு வந்துவிடும். அதனால்தான் பேஸ் பைகளில் பொதுவாக ஒரே ஒரு பாராசூட். கனத்தைக் குறைக்கவோ வீரம் காட்டவோ அப்படிச் செய்யவில்லை. பயன்படாத ஒன்றைச் சுமந்தால் சிக்கிக்கொள்ள இன்னொரு பொருள் கூடும், அவ்வளவுதான்.

சரி, குதித்த பிறகு என்ன நடக்கிறது? கையில் பிடித்திருக்கும் பைலட் சூட்டைக் காற்றில் வீசுகிறார். இது ஒரு குட்டிப் பாராசூட். காற்றை வாங்கிக்கொண்டு நின்றுவிடும். அதோடு சுமார் 2.7 மீட்டர் நீளமுள்ள பட்டை நாடா ஒன்று இணைந்திருக்கும். ஆள் கீழே போகப் போக நாடா இறுகி, பையை மூடியிருக்கும் ஊசியை உருவி, பெரிய துணியை வெளியே இழுக்கும்.

இங்கேதான் முதல் சிக்கல். பைலட் சூட்டின் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. குதித்த இரண்டாவது வினாடியில் ஆள் விழுந்திருப்பது 20 மீட்டர், வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். விமானக் குதிப்பில் திறக்கும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் இழுவிசை ஏழெட்டு மடங்கு குறைந்துவிடுகிறது. அதை ஈடுகட்டப் பரப்பைக் கூட்ட வேண்டும். அதனால் குறைந்த உயரத்துக்கு ஒரு மீட்டருக்கும் மேல் விட்டமுள்ள பைலட் சூட்டை எடுப்பார்கள். நீண்ட நேரம் விழப்போகும் மலைக் குதிப்புக்கு 80 சென்டிமீட்டரே போதும். அங்கே பெரியதைக் கொண்டுபோனால் ஆபத்து: அதிவேகத்தில் அது துணியின் நடுப்பகுதியை மட்டும் வெடுக்கென்று பறித்து, கயிறுகள் ஒழுங்காக நீள்வதற்கு முன்பே விரியவைத்துவிடும்.

இரண்டாவது சிக்கல், ஸ்லைடர். நான்கு மூலையிலும் உலோக வளையம் பதித்த செவ்வகத் துணி இது. பாராசூட்டின் கயிறுகள் நான்கு கொத்தாகப் பிரிந்து இந்த வளையங்கள் வழியே போகும். திறக்கும்போது ஸ்லைடர் துணிக்கு ஒட்டினாற்போல் மேலே இருக்கும். பாராசூட் விரிய முயலும். கீழிருந்து வரும் காற்று ஸ்லைடரை மேலேயே அழுத்தும். இந்த இழுபறியில் ஸ்லைடர் மெல்ல மெல்லக் கீழே இறங்க, பாராசூட்டும் மெல்ல விரியும். இது இல்லாமல் 200 கிலோமீட்டர் வேகத்தில் திறந்தால் துணி கிழியும், அல்லது ஆளின் எலும்பு முறியும். ஆனால் இரண்டு வினாடிக் குதிப்பில் இதே ஸ்லைடர் எமனாகிவிடும். காற்றின் வேகம் குறைவு, விரியும் விசையும் குறைவு, அதற்கு நடுவே ஒரு தடை. ஆகவே குறைந்த உயரங்களில் அதைக் கழற்றிவிடுகிறார்கள், அல்லது கீழேயே கட்டிவைக்கிறார்கள். உயரம் கொஞ்சம் கூடுதல் என்றால் காற்று ஊடுருவும் வலைத்துணியில் தைத்த ஸ்லைடர். எந்த உயரத்துக்கு எது என்பதைப் பையை மடிக்கும்போதே முடிவுசெய்ய வேண்டும். பாறை உச்சியில் நின்றுகொண்டு மனம் மாறி, வேறு மாதிரிக் குதிக்க முடியாது.

ஸ்லைடரைக் கழற்றினால் புதிதாக ஒரு வேலை வந்து சேர்கிறது. கயிறுகளை ஒழுங்காகப் பிடித்திருந்த பொருளே அதுதானே. அது இல்லாதபோது பின்விளிம்புக்குப் போகும், திருப்பவும் வேகத்தைக் குறைக்கவும் இழுக்கும் பிரேக் கயிறுகளில் ஒன்று துணியின் முன்விளிம்பைச் சுற்றிக்கொள்ளலாம். அப்படியானால் பாராசூட் ஒரு பக்கம் சுருங்கிச் சுழல ஆரம்பிக்கும். இதைத் தடுக்கப் பின்விளிம்புக் கயிறுகளைச் சின்ன ரப்பர் பேண்டு ஒன்றால் சேர்த்துப் பிடிக்கிறார்கள். மற்ற கயிறுகள் நீண்டு துணியில் காற்று ஏறிய பிறகே, அந்த விசையில் ரப்பர் கழன்று பின்விளிம்பை விடுவிக்கும். அப்படியும் சுற்றிக்கொண்டால்? பிரேக் கைப்பிடியை அப்படியே விட்டுவிட்டால் அந்தக் கயிறு வளையத்தில் மாட்டாமல் முழுவதும் உருவிப் போகும்படி அமைத்திருப்பார்கள். தோளுக்கு மேலே கயிறுகள் வந்து சேரும் பட்டைகளில் பின்பக்கத்தவற்றைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இறங்கலாம். இந்த ஏற்பாடுகளின் எளிமை என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைக்கிறது.

இன்னும் தாழ்வான இடங்களில் பைலட் சூட்டை நம்ப முடியாது. அங்கே நாடாவைக் கம்பியோடு ஒரு மெல்லிய கயிற்றால் கட்டிவிடுவார்கள். ஏறத்தாழ 36 கிலோ இழுவைக்கு அறுந்துபோகும் கயிறு அது. ஆள் விழும்போது பாராசூட்டை முழுவதும் வெளியே இழுத்துக் கொடுத்துவிட்டு அறுந்துவிடும். மேலே நிற்கும் நண்பர் பைலட் சூட்டைக் கையில் பிடித்துக்கொள்வதும் உண்டு.

இத்தனையும் சரியாக நடந்து பாராசூட் அழகாக விரிந்த பிறகும் ஆள் சாகலாம். அது விரிந்தபோது பாறையைப் பார்த்துத் திரும்பியிருந்தால் போதும். விமானக் குதிப்பில் எந்தத் திசையில் திறந்தாலும் ஒன்றுதான், சுற்றிலும் வெற்றுவெளி. பாறைக்கு 15 மீட்டர் பக்கத்தில், வினாடிக்குச் சுமார் 10 மீட்டர் முன்னே போகும் பாராசூட் எதிர்த்திசையில் திறந்தால் ஒன்றரை வினாடிதான் மிச்சம். தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலும் துணியின் இடப்பாதி வலப்பாதியைப் போல மடிக்கப்படாமல் இருந்தாலும் திசை மாறும். அதனால்தான் இவர்கள் மடிப்பதற்கு அத்தனை நேரம் எடுக்கிறார்கள். ஒவ்வொரு மடிப்பையும் கிளிப் போட்டு நிறுத்தி, இடமும் வலமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து அடுத்ததுக்குப் போகிறார்கள். பிரேக்கையும் நன்றாக இழுத்த நிலையிலேயே பொருத்துவார்கள். திறந்தவுடன் முன்வேகம் மட்டுப்பட்டு, திருப்புவதற்கு அரை வினாடியாவது கிடைக்கும். கற்றுக்கொள்பவர்களைப் பாலத்தில் தொடங்கவைப்பதும் இதற்காகத்தான். பாலத்துக்கு அடியில் மோதுவதற்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. பெரைன் பாலத்தில் ஆண்டு முழுக்கத் தனி அனுமதி வாங்காமலே குதிக்கலாம் என்பதால் அது இந்தக் கலையின் பள்ளிக்கூடமாகிவிட்டது.

இந்த அறிவு சும்மா வந்ததில்லை. 1966 ஜூலையில் மைக்கேல் பெல்கி, பிரையன் ஷூபர்ட் என்ற இருவர் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் எல் கேபிடன் பாறையிலிருந்து குதித்தார்கள். அவர்களிடம் இருந்தவை வட்டப் பாராசூட்டுகள். காற்று அடிக்கும் பக்கமே போகும் அந்தப் பாராசூட்டுகள் இருவரையும் பாறையோடு மோதவைத்தன. எலும்புகள் முறிந்தாலும் உயிர் தப்பினார்கள். ஆனால் அதற்கு முன்பே, 1964இல், டோமினா ஜால்பெர்ட் அறைகளாகத் தடுத்த செவ்வகப் பாராசூட்டை உருவாக்கியிருந்தார். முன்விளிம்பின் வாய்கள் வழியே காற்று நுழைந்து அறைகளை நிரப்ப, துணி ஒரு விமான இறக்கையின் வடிவத்தை எடுக்கும், முன்னோக்கிப் பறக்கும், திருப்பினால் திரும்பும். 1978இல் கார்ல் போயனிஷ் அதே எல் கேபிடனிலிருந்து செவ்வகப் பாராசூட்டுகளோடு குதித்தவர்களைப் படம் பிடித்தபோதுதான் இது ஒரு விளையாட்டாகப் பரவத் தொடங்கியது. நான்கு வகை இடங்களிலிருந்தும் குதித்தவர்களுக்கு வரிசை எண் தரும் வழக்கம் 1981இல் வந்தது. முதல் எண் ஃபில் ஸ்மித்துக்கு, போயனிஷுக்கு நான்காவது. 1984இல் நார்வேயின் ட்ரோல் சுவரில் குதித்தபோது போயனிஷ் இறந்தார். அந்தச் சுவரில் குதிக்க 1986இல் தடை வந்தது.

நார்வேயின் இன்னொரு பாறையான ஷெராக்கில் தடை இல்லை. அங்கே 1995 முதல் 2005 வரை நடந்த 20,850 குதிப்புகளை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். ஒன்பது பேர் இறந்திருந்தார்கள். 2,317 குதிப்புக்கு ஒரு சாவு. விமானக் குதிப்போடு பார்த்தால் பல மடங்கு அதிகம். இந்த எண்ணைச் சொல்லாமல் இந்த விளையாட்டைப் புகழ்ந்து எழுதுவது நேர்மையில்லை. அனுபவசாலிகள் புதியவர்களிடம் 200 முறையாவது விமானத்திலிருந்து குதித்துவிட்டு வரச் சொல்வதும், காற்று சரியில்லை என்று படியிறங்கி வருபவரை யாரும் கேலி செய்யாமல் இருப்பதும் இதனால்தான். புது ஊரில் குதிக்கும் முன் அங்கே வழக்கமாகக் குதிப்பவர்களிடம் கேட்பது இன்னொரு எழுதாத விதி. ஒருவர் செய்யும் தவறால் அந்த இடமே எல்லோருக்கும் மூடப்பட்டுவிடும்.

அப்புறம், பழுதுபார்ப்பு. அமெரிக்காவில் விமானக் குதிப்புக்கான இரண்டாவது பாராசூட்டை உரிமம் பெற்ற ரிக்கர், அதாவது பாராசூட்டை மடித்துப் பழுதுபார்ப்பவர், மட்டுமே மடிக்கலாம், 180 நாளுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து மறுபடி மடிக்க வேண்டும். அந்தச் சட்டம் விமானத்திலிருந்து குதிப்பவர்களுக்குத்தான். பேஸ் பையை யாரும் வந்து சோதிக்க மாட்டார்கள். குதிப்பவரே தையலைப் படித்தாக வேண்டும். ஆரம்ப காலத்தில் விமானப் பாராசூட்டைப் பிரித்து வீட்டுத் தையல் மெஷினில் மாற்றித் தைத்துக்கொண்டவர்களிலிருந்தே பின்னாளில் பேஸுக்கென்று பாராசூட் செய்பவர்களும் உருவானார்கள்.

பாராசூட் துணியை வெளிச்சத்தில் பிடித்தால் கட்டம் போட்ட கைலி மாதிரி மெல்லிய கட்டங்கள் தெரியும். கட்டத்தின் கோடுகளில் கனமான இழை ஓடுகிறது. கிழிசல் அங்கே வந்து நின்றுவிடும். சின்ன ஓட்டை என்றால் அதே வகைத் துணியில் செய்த ஒட்டுநாடா போதும். பெரியது என்றால் கிழிந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்து, கட்டங்கள் ஒரே திசையில் ஓடும்படி ஒட்டுத்துணி வைத்து, ஓரம் மடித்துத் தைக்க வேண்டும். திசை மாறினால் ஒட்டுத்துணி ஒரு மாதிரி இழுபடும், சுற்றியுள்ள துணி வேறு மாதிரி இழுபடும். தைத்ததைப் பிரித்து மறுபடி தைத்தால் ஊசித் துளைகள் இரட்டிப்பாகும் என்பதால் முதல் தடவையே நிதானமாகத் தைக்க வேண்டும்.

கயிறு அறுந்தால் முடிச்சுப் போடக் கூடாது. முடிச்சு கயிற்றின் வலுவைப் பெருமளவு குறைப்பதோடு நீளத்தையும் மாற்றும். சில சென்டிமீட்டர் மாறினாலே பாராசூட் ஒரு பக்கம் இழுக்கும். பின்னிய கயிற்றின் உள்ளே வெற்றிடம் இருக்கும். அதன் நுனியையே அதற்குள் நுழைத்து நீளமாக இழுத்துவிடுவார்கள். பாரம் ஏற ஏற வெளிப்பின்னல் இறுகி உள்நுனியைக் கவ்விப் பிடிக்கும். அதன்மேல் போடும் நெருக்கமான ஜிக்ஜாக் தையல், பாரம் இல்லாதபோது நுனி நழுவாமல் இருப்பதற்கு மட்டுமே. கயிறு பெரும்பாலும் பாலியெஸ்டர் வகை. கொஞ்சம் நீண்டுகொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும்.

நைலானுக்கு வெயிலும் அமிலமும் ஆகாது. கார் டிக்கியில் சிந்திய பேட்டரி நீர் பட்ட பாராசூட்டை, கறை தெரியாவிட்டாலும், பயன்படுத்தக் கூடாது. கடலில் விழுந்தால் உடனே நல்ல தண்ணீரில் அலச வேண்டும். உலர்ந்த உப்புப் பரல்கள் இழையை உள்ளிருந்து அறுக்கும். உலர்த்துவது நிழலில். ஸ்லைடர் வளையத்தில் சிறு பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கயிறு அதில்தான் உரசுகிறது. ஆளைத் தாங்கும் ஹார்னஸ் பட்டைகளில் மட்டும் வீட்டில் யாரும் கை வைக்கக் கூடாது. அவற்றுக்குத் தடித்த நூலும் கனரக மெஷினும் தையல் வடிவத்தின் கணக்கும் தெரிந்தவர் வேண்டும். அங்கே ஒரு தையல் பிரிந்திருந்தாலும் பையை அப்படியே உரிமம் பெற்ற ரிக்கரிடம் கொடுத்துவிட வேண்டும்.