சபைச் சொத்து யார் பெயரில் இருக்கிறது?

காணிக்கை போடுவதற்காகச் சபைச் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுகிறீர்கள். பணம் போவதற்கு முன் போன் திரையில் ஒரு பெயர் வரும். அது சபையின் பெயரா, பாஸ்டரின் பெயரா, பாஸ்டரம்மாவின் பெயரா, அவர்கள் மகனின் பெயரா? பெரும்பாலான விசுவாசிகள் அதைக் கவனிப்பதே இல்லை. அறக்கட்டளைகளுக்குத் தணிக்கை செய்யும் ஆடிட்டராகிய நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பெந்தெகொஸ்தே சபைகளில் பணக் கணக்கு ஒரு பிரச்சினை, அடுத்த போதகர் யார் என்பது வேறு பிரச்சினை என்று பிரித்துப் பேசுகிறார்கள். நான் பார்த்த வரையில் இரண்டும் ஒன்றுதான். சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பிள்ளைதான் அடுத்த பாஸ்டர். அழைப்பு, அபிஷேகம் எல்லாம் அப்புறம் வந்து சேர்ந்துகொள்ளும்.

எல்லாச் சபைகளையும் சொல்லவில்லை. ஏ.ஜி. (அசெம்பிளிஸ் ஆஃப் காட்), ஐ.பி.சி. (இந்தியப் பெந்தெகொஸ்தே சபை) போன்ற சபை அமைப்புகளில் கவுன்சிலும் தேர்தலும் உண்டு. தி பெந்தெகொஸ்தே மிஷன் ஊழியர்கள் திருமணம் செய்யாமல் விசுவாச வீட்டில் கூட்டாக வாழ்கிறவர்கள், அங்கே மகனுக்குப் பட்டம் கட்டும் பேச்சுக்கே இடமில்லை. நான் சொல்வது எந்தப் பெரிய அமைப்பின் கீழும் இல்லாத சுயாதீன சபைகளைப் பற்றி. ஒரு கணவனும் மனைவியும் வீட்டு முன்னறையில் ஜெபக்கூட்டம் ஆரம்பித்து, ஓலைக் கொட்டகை போட்டு, தகர ஷெட்டாக்கி, கடைசியில் கான்கிரீட் ஹால் கட்டியிருப்பார்கள். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. பட்டினி கிடந்து சபை வளர்த்தவர்கள் பலர். சிக்கலும் அங்கிருந்துதான் முளைக்கிறது.

என்னிடம் வந்த ஒரு சபையைச் சொல்கிறேன். தென்மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். மனை வாங்கக் கட்டட நிதி திரட்டினார்கள். பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். சபை பெயரில் வாங்கினால் கலெக்டர் அனுமதி, அக்கம்பக்க எதிர்ப்பு என்று தொல்லை வரும் என யாரோ சொல்ல, பத்திரத்தைப் பாஸ்டர் பெயரிலேயே பதிந்தார்கள். "ஐயா பேர்ல இருந்தா என்ன, கர்த்தருக்குத்தானே" என்று எல்லாரும் ஒப்புக்கொண்டதுதான். ஐயா உயில் எழுதாமல் மாரடைப்பில் போய்விட்டார்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உயில் இல்லாமல் இறந்தவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்ற வேறுபாடு கிடையாது. ஊழியம் செய்யும் மூத்த மகன் சபையைத் தொடர நினைத்தார். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள்கள் பங்கு கேட்டார்கள். சட்டப்படி அவர்கள் கேட்டதில் தவறே இல்லை. வளையல் கொடுத்த பெண்களிடம் ரசீது கிடையாது, பணம் ரொக்கமாகவே போயிருந்தது. மனையை அவர் சபைக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருந்தார் என்று நிரூபிக்கும் பாரம் சபையின் தலையில் விழுந்தது. பினாமிச் சட்டம் 2016-இல் இறுக்கப்பட்ட பிறகு அந்த வாதமும் லேசானதில்லை. கடைசியில் மகன் தங்கைகளுக்குப் பணம் கொடுத்து எழுதி வாங்கினார். அந்தப் பணமும் காணிக்கையிலிருந்துதான் போனது. ஒரே மனையைச் சபை இரண்டு தடவை வாங்கியது.

இப்படி நடக்காமல் இருக்க ஒரு உயில் போதும். கிறிஸ்தவர்கள் மதக் காரியங்களுக்குச் சொத்து எழுதி வைக்க அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மரணத்துக்குக் குறைந்தது ஒரு வருடம் முன்பே உயில் எழுதியிருக்க வேண்டும் என்பதுபோல. 2003-இல் ஜான் வல்லமட்டம் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாதென்று தள்ளிவிட்டது. இன்றைக்கு இரண்டு சாட்சிகளை வைத்துச் சபை அறக்கட்டளைக்கு எழுதி வைக்கலாம். அதைவிட நல்லது, உயிரோடிருக்கும்போதே பத்திரத்தை அறக்கட்டளை பெயருக்கு மாற்றிவிடுவது.

அறக்கட்டளை இருக்கிறதே என்பார்கள். பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் ஐந்து அறங்காவலர்கள் இருப்பார்கள். பாஸ்டர், பாஸ்டரம்மா, மகன், மருமகன், மச்சான். வாரிசுப் பத்தியில், நிறுவனர் ஆயுள் முழுக்க நிர்வாக அறங்காவலர், அவருக்குப் பின் அவர் நியமிக்கும் நபர் என்று இருக்கும். பத்திர எழுத்தர் பழைய மாதிரியைப் பார்த்து அடித்துக் கொடுத்திருப்பார். முந்நூறு குடும்பம் தசமபாகம் கொடுக்கும் சபையில் அந்த முந்நூறில் ஒருவர்கூட அறங்காவலர் இல்லை. வருமான வரிச் சட்டமும் இதைச் சும்மா விடாது. 1961 சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, அறக்கட்டளையின் வருமானமோ சொத்தோ நிறுவனருக்கோ அறங்காவலருக்கோ அவர்கள் உறவினருக்கோ பயன்பட்டால் அந்த அளவுக்கு வரிவிலக்கு போகும். போதகருக்கு நியாயமான சம்பளம் கொடுக்கலாம். மகன் கார் கடனுக்குச் சபைக் கணக்கிலிருந்து தவணை போகக்கூடாது. (2025-இன் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன. உங்கள் ஆடிட்டரிடம் புது எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.)

பெரிய சபைகளில் இது எப்படி நடந்தது என்பதற்கு ஊரறிந்த சாட்சிகள் உண்டு. தென்கொரியப் போதகர் யாங்கி சோவைத் தெரியாத பெந்தெகொஸ்தே பாஸ்டர் தமிழ்நாட்டில் குறைவு. 1958-இல் சியோல் ஓரத்தில் ஒரு கூடாரத்தில் ஆரம்பித்து, வீட்டுக் குழுக்கள் மூலமாக உலகிலேயே பெரிய சபை என்ற பெயரை யாய்டோ முழுச் சுவிசேஷ சபைக்கு வாங்கிக் கொடுத்தவர். தலைமை மாற்றத்தில் அவர் தவறவில்லை. மகனைக் கொண்டுவரவில்லை, மூப்பர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த லீ யங் ஹூன் 2008-இல் பொறுப்பேற்றார். ஆனால் பணம் வேறு வழியில் மகனிடம் போயிருந்தது. மகனின் நிறுவனப் பங்குகளை 2002-இல் சந்தை விலையைவிடப் பல மடங்கு கொடுத்துச் சபை வாங்கியது. சபைக்கு 1,310 கோடி வோன் நஷ்டம் உண்டாக்கியதாக 2014-இல் நீதிமன்றம் சோவைக் குற்றவாளி என்று தீர்த்தது. புகாரோடு அரசு வழக்கறிஞரிடம் போனவர்கள் அதே சபையின் மூப்பர்கள். நம் ஊர் மேடைகளில் அவருடைய வீட்டுக்குழு முறையைச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் சபை இன்னும் உறைக்கும். கட்டட நிதியிலிருந்து 2.4 கோடி சிங்கப்பூர் டாலரைப் போலிக் கடன்பத்திரங்களாகக் காட்டி, போதகர் காங் ஹீயின் மனைவியின் பாப் இசைப் பயணத்துக்குத் திருப்பினார்கள். பாடல் வழியாகச் சுவிசேஷம் என்பது அதற்கான விளக்கம். பிறகு அந்தக் கடன்பத்திரங்களுக்குப் பணம் திரும்பி வந்துவிட்டது என்று காட்டுவதற்காக இன்னொரு 2.6 கோடியைச் சுற்றிவிட்டார்கள். 2015-இல் ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. காங் ஹீக்கு எட்டு ஆண்டு, 2017 மேல்முறையீட்டில் அது மூன்றரை ஆண்டானது. கவனிக்க வேண்டியது ஒன்று: அவர்கள் சொந்தப் பைக்கு எடுத்துக்கொண்டதாக வழக்கில் நிரூபணம் இல்லை, நீதிபதியும் அதை ஏற்றுக்கொண்டார். அப்படியும் அது குற்றம்தான். "ஐயா தனக்குன்னு ஒரு ரூபாய் எடுக்கலை" என்பது கணக்குக்குப் பதிலாகாது. அந்த இசைப் பயணத்துக்குச் சபைப் பணம் போவதைப் பற்றி 2003-இலேயே ஒரு விசுவாசி வெளிப்படையாகக் கேட்டார். அவர் கடைசியில் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அப்போது கணக்கைத் திறந்து காட்டியிருந்தால் யாரும் சிறைக்குப் போயிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி கேட்டால் நம் சபைகளில் முதலில் வருவது "அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே". வேதத்திலிருந்தே பேசுவோம். 2 இராஜாக்கள் 12-இல் ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியின் மூடியில் துவாரமிட்டுப் பலிபீடத்தண்டையில் வைக்கிறான். பெட்டி நிறைந்ததும் பிரதான ஆசாரியன் ஒருவனே எண்ணவில்லை. ராஜாவின் சம்பிரதியும் கூட வந்து இருவருமாக எண்ணுகிறார்கள். ஒரு பாஸ்டர் என்னிடம் அதே அதிகாரத்தின் 15-ஆம் வசனத்தைத் திருப்பிக் காட்டினார். பணம் வாங்கியவர்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் உண்மையாய் நடந்தார்கள் என்று இருக்கிறதே என்றார். இருக்கிறது. ஆனால் அது, எண்ணி முடித்த பணத்தை வாங்கி வேலைக்காரருக்குக் கொடுத்தவர்களைப் பற்றியது. எண்ணும் இடத்தில் இரண்டு பேர் இருந்த பிறகு வந்த நம்பிக்கை அது.

நம் சபையில் எண்ணுவது எப்படி? ஆராதனை முடிந்ததும் பை பாஸ்டர் அறைக்குப் போகும். அங்கே பாஸ்டரம்மா எண்ணுவார். பெயர் எழுதிய தசமபாகக் கவர்கள் ஒருபுறம், பெட்டிக் காணிக்கை மறுபுறம். திங்கட்கிழமை காலையில் மளிகைக்கும் கரண்ட் பில்லுக்கும் எடுத்தது போக மீதி வங்கிக்கு. இதில் திருட்டு எதுவும் இருக்க வேண்டியதில்லை, ஆனால் எவ்வளவு வந்தது என்பது எழுத்தில் எங்கும் இருக்காது. உறவினர் அல்லாத இரண்டு பேர் ஹாலிலேயே எண்ணி, ஒரு தாளில் நோட்டு வாரியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, வந்ததை முழுசாக வங்கியில் கட்டி, செலவுக்குத் தனியாக எடுத்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துபோகும்.

பாஸ்டரின் சேமிப்புக் கணக்கில் கட்டினால் வேறு வம்பு. ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் ரொக்கம் கட்டினால் வங்கி வருமான வரித்துறைக்குத் தெரிவித்துவிடும். அது சபைப் பணம் என்று காட்ட ஏடு இல்லையென்றால் பாஸ்டரின் வருமானமாகவே எடுத்துக்கொள்வார்கள். கொடுத்தவர் பெயர் தெரியாத நன்கொடைக்கு 30 சதவீத வரி உண்டு என்று கேள்விப்பட்டு, பெட்டிக் காணிக்கையைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். முழுக்க மதக் காரியத்துக்கான, பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு அந்த வரி கிடையாது. அதே சபை பள்ளிக்கூடத்துக்கென்று பெயரில்லாமல் வாங்கினால் உண்டு. ரசீதில் 80ஜி, அதாவது கொடுத்தவருக்கு வரிச் சலுகை உண்டு, என்று அச்சடிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். மதக் காரியத்துக்கு மட்டுமான சபைக்கு 80ஜி கிடைக்காது. அச்சடித்திருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் தெரியாமல் மாட்டுகிறவர்கள் அதிகம். துபாயில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாக் குடியுரிமை வாங்கிய நம் சபைத் தம்பி அனுப்புவது ஆகும். அதற்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும் டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். பாஸ்டர் கணக்குக்கு அனுப்பி ஊழியத்துக்குச் செலவு செய்தால் தப்பலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

இவ்வளவு சொல்லியும் பாஸ்டர்கள் ஏன் பத்திரத்தை விடமாட்டேன் என்கிறார்கள்? பேராசை என்று சொல்லிவிடுவது சுலபம். நான் கணக்குப் பார்த்த பல பாஸ்டர்களுக்குச் சொந்த வீடு கிடையாது, பிஎஃப் கிடையாது, பென்ஷன் கிடையாது. குடியிருப்பது சபைக்குப் பின்னால் இரண்டு அறை. தலைமையை விட்டால் அடுத்த மாதம் வாடகை யார் கொடுப்பது? அவர் போய்விட்டால் பாஸ்டரம்மாவை வருகிற புதுப் போதகர் அந்த அறையிலிருந்து காலி பண்ணச் சொன்னால்? மகனை நிறுத்துவது பல நேரம் மனைவிக்கு ஒரு கூரையை உறுதி செய்வதுதான். விசுவாசிகள் கணக்குக் கேட்பதோடு இதையும் பேச வேண்டும். போதகருக்கு மாதச் சம்பளம் நிர்ணயித்து வங்கி வழியாகக் கொடுங்கள், அவரும் ரிட்டர்ன் தாக்கல் செய்யட்டும். என்பிஎஸ் ஓய்வூதியக் கணக்கும் டேர்ம் இன்சூரன்ஸும் சபைச் செலவில் போடுங்கள். ஓய்வு பெற்றாலும் இறந்தாலும் அவருக்கோ மனைவிக்கோ வீட்டு வாடகை உண்டு என்று தீர்மானம் எழுதுங்கள். இதைச் செய்த சபைகளில் பத்திரத்தை மாற்றும் பேச்சு எனக்குச் சுலபமாக முடிந்திருக்கிறது.

மகனுக்கு உண்மையிலேயே அழைப்பு இருக்கலாம், வரட்டும். அவரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்துக்கு அப்பா தலைமை தாங்கக் கூடாது, அம்மாவும் மருமகனும் வாக்களிக்கக் கூடாது. அதற்கு முன் அறக்கட்டளைப் பத்திரத்தில் உறவினர் அல்லாதவர்களைப் பெரும்பான்மையாக்க வேண்டும். திருத்தும் அதிகாரம் பத்திரத்திலேயே எழுதியிருந்தால் துணைப்பத்திரம் போட்டுப் பதியலாம். இல்லாவிட்டால் நீதிமன்றத்துக்குப் போக நேரும், அதனால் பாஸ்டர் திடமாக இருக்கும்போதே வக்கீலிடம் காட்டிவிடுங்கள். கூட்டத்தின் தீர்மானத்தை மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, வந்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். காசோலையில் கையெழுத்துப் போடும் ஆளை மாற்றப் போகும்போது வங்கி மேலாளர் முதலில் கேட்பது அந்தப் பக்கத்தின் நகலைத்தான்.