மெடிகேர் தரும் சிபேப் மெஷின்: 91-ஆம் நாளைத் தவற விடாதீர்கள்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு அமெரிக்காவின் மெடிகேர் பார்ட் பி (பெரும்பாலும் 65 வயதைக் கடந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டின் ஒரு பகுதி) சிபேப் மெஷின் தருகிறது. மாஸ்க் வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் கருவி அது. டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் ஆண்டுதோறும் நாம் கட்டும் தொகை) போக 20 சதவீதம் நம் கையிலிருந்து. முதல் 12 வாரம் சோதனைக் காலம், 13 மாத வாடகை முடிந்ததும் மெஷின் நமக்கே சொந்தம். திட்டம் இவ்வளவுதான். சிக்கல் எல்லாம் இதற்கு அப்புறம்.

டாக்டரை நேரில் பார்த்த பிறகே தூக்கப் பரிசோதனைக்குப் போங்கள். மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற எண்தான் ஏஹெச்ஐ. அது 15-ஐத் தொட்டால் மெஷின் கிடைப்பதில் பிரச்சினை இல்லை. 5 முதல் 14 வரை என்றால் ரத்த அழுத்தமோ இதய நோயோ பகல் தூக்கமோ டாக்டர் குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். வாயால் சொன்னது செல்லாது. இதிலும் ஒரு உள்குத்து உண்டு. மூச்சு குறைந்ததை மெடிகேர் எண்ண வேண்டுமானால் ரத்தத்தில் ஆக்சிஜன் 4 சதவீதம் இறங்கியிருக்க வேண்டும். சில லேப்கள் 3 சதவீதத்துக்கே எண்ணிவிடும். ரிப்போர்ட்டில் 17 என்று பார்த்து நிம்மதியாக இருந்தவருக்கு மறுப்புக் கடிதம் வருவது இப்படித்தான். எந்தக் கணக்கு என்று லேபிலேயே கேளுங்கள்.

முதல் மூன்று மாதத்துக்குள், தொடர்ச்சியான ஏதாவது 30 நாளில் 21 இரவாவது, இரவுக்கு நான்கு மணி நேரமாவது மாஸ்க்கைப் போட்டிருக்க வேண்டும். மாஸ்க்கைக் கழற்றித் தலையணை மேல் வைத்துவிட்டு ஓடவிட்டால் மெஷின் ஏமாறாது. மூச்சு வந்தால்தான் மணி ஓடும். நடுவில் பாத்ரூம் போனால் பரவாயில்லை, திரும்பி வந்து மாட்டிக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பா 23 இரவு ஒழுங்காகப் போட்டார். சிக்கல் வந்தது வேறு இடத்தில். மெஷின் வந்த 31-ஆம் நாளிலிருந்து 91-ஆம் நாளுக்குள் டாக்டரைத் திரும்பப் பார்த்து, பலன் இருக்கிறது என்று எழுதி வாங்க வேண்டும். ரிசப்ஷனில் "அடுத்த காலி நேரம் இதுதான்" என்று கொடுத்த தேதி 96-ஆம் நாள். அதற்கும் பிறகு மெஷின் தந்த சப்ளையர் "டாக்டர் குறிப்பு வரவில்லை" என்கிறார். கிளினிக்கில் "அன்றே ஃபேக்ஸ் போட்டாச்சு" என்கிறார்கள். நடுவில் அலைந்தது எழுபது வயது மனிதர். தாமதமாகப் பார்த்தால் பார்த்த நாளிலிருந்துதான் மெடிகேர் பணம் தரும். இடைப்பட்ட நாட்களுக்கு பில் அவர் பெயரில் வந்தது.

அதனால் மெஷின் வீட்டுக்கு வந்த அன்றே 60-ஆம் நாள் வாக்கில் அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுங்கள். டாக்டர் எழுதிய குறிப்பின் நகலை நீங்களே வாங்கி சப்ளையருக்கு அனுப்புங்கள், யாருடைய ஃபேக்ஸையும் நம்ப வேண்டாம். மாஸ்க் அழுத்துகிறது, வாய் காய்கிறது என்றால் முதல் வாரமே சொல்லி மாற்றுங்கள். 21 இரவு தேறாவிட்டால் மறுபடி டாக்டர், மறுபடி பரிசோதனை. அதுவும் வீட்டில் அல்ல, லேபில் போய் ஒரு ராத்திரி படுக்க வேண்டும்.