ஃபைலில் இல்லாத ஒரு தாள்

குழந்தைக்காக முயன்று களைத்துப்போய் வரும் பெண்கள் பலரின் கையில் தடித்த ஃபைல் ஒன்று இருக்கும். தைராய்டு, ஏஎம்எச் (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), நான்கைந்து ஸ்கேன், கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் அதில் இருக்கும். கணவரின் விந்துப் பரிசோதனை அறிக்கையை மட்டும் காணோம். கேட்டால், "அவருக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல டாக்டர்" என்பார் மனைவி. அவரோ வெளியே வராந்தாவில் போன் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பதுதான் என் முதல் வைத்தியம்.

கருத்தரிப்பு தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்புக் காரணமும் சேர்ந்திருக்கிறது. தாம்பத்தியம் நன்றாக இருப்பது வேறு, விந்தணு போதுமான அளவு இருப்பது வேறு. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் இந்தத் தயக்கம்.

இந்தப் பரிசோதனையில் ஊசியும் இல்லை, வலியும் இல்லை. கடைசியாக விந்து வெளியேறியதிலிருந்து 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால், குப்பியை உடம்போடு ஒட்டி வைத்து ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிடுங்கள். முதலில் வரும் துளிகளில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

அறிக்கை வந்ததும் பலர் பதறுவது 'இயல்பான உருவம் 4 சதவீதம்' என்ற வரியைப் பார்த்துத்தான். சரி, பயப்படாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லையே அந்த 4 சதவீதம்தான். எண்ணிக்கைக்கு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி, அசைவுக்கு 42 சதவீதம். அதற்குக் கீழே இருந்தாலும் மலட்டுத்தன்மை என்று முத்திரை குத்த முடியாது. ஒரு விந்தணு உருவாக இரண்டரை மாதம்போல ஆகும். போன மாதம் அடித்த கடும் காய்ச்சல்கூட இன்றைய அறிக்கையைக் கெடுக்கலாம். அதனால் குறை தெரிந்தால் மறுபடியும் ஒருமுறை பார்க்காமல் முடிவு சொல்வதில்லை.

நான் தவறாமல் கேட்கும் இன்னொரு கேள்வி: ஜிம்மில் ஊசி ஏதாவது போடுகிறீர்களா? தசைக்காகவோ சோர்வுக்காகவோ போடும் டெஸ்டோஸ்டிரோன், ஆண்மையைக் கூட்டும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு எண்ணிக்கை பூஜ்யம்வரைகூடப் போகலாம். ஊசியை விட்டபின் பெரும்பாலும் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். நீங்களாக நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டு நிறுத்துங்கள்.

அப்புறம், எப்போது வருவது? மனைவிக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம் முயன்று பார்க்கலாம். 35 தாண்டினால் ஆறு மாதம், 40 என்றால் உடனே. மாதவிடாய் ஒழுங்கில்லை, அல்லது கணவருக்குச் சிறுவயதில் விரை இறங்காமல் அறுவை சிகிச்சை நடந்தது என்றால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே வாருங்கள். அதுவரை, நாள் குறித்துக்கொண்டு பதற்றப்படுவதைவிட இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருந்தாலே போதும்.