எண்ணும் எழுத்தும் மதிப்பீடு: செயலியைத் திறக்கும் முன் ஆசிரியர் தெரிந்துகொள்ள வேண்டியவை

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேரும் ஆசிரியரின் காதில் முதல் வாரமே எமிஸ், எஃப்ஏ, எஸ்ஏ, அரும்பு, மொட்டு, மலர், சிஆர்சி என்று பல சொற்கள் வந்து விழும். எமிஸ் என்பது பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் பள்ளிக் கல்வித் துறையின் இணையதளம். சிஆர்சி என்பது ஆசிரியர்கள் கூடும் குறுவள மையம். மற்றவற்றைக் கீழே பார்ப்போம். இவற்றில் சில கணினி சார்ந்தவை, சில மதிப்பீடு சார்ந்தவை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் “பதிவு போட்டாச்சா?” என்ற கேள்வியே மதிப்பீடு என்று ஆகிவிடுகிறது.

முதலில் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பெற்றோரைத் தவறாமல் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும் என்பது இன்னொன்று. 29ஆம் பிரிவு, குழந்தை புரிந்துகொண்டதையும் அதைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ந்து, முழுமையாக மதிப்பிடச் சொல்கிறது. ஆக, “என் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான்?” என்று ஒரு தாய் வந்து கேட்டால், பதில் பெறுவது அவர் உரிமை.

தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு இது வகுப்பறைக்கு வந்தது. பருவத்துக்கு, பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு (எஃப்ஏ) 40 மதிப்பெண், பருவ முடிவில் செய்யும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (எஸ்ஏ) 60. வளரறியில் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20. இதைத்தான் எஃப்ஏ (அ), எஃப்ஏ (ஆ) என்று பிரிக்கிறோம். அப்புறம் 2022 ஜூனில், பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. முதல் மூன்று வகுப்புகளுக்கு வந்து, பின்பு 4, 5 வகுப்புகளுக்கும் நீண்டது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது ஏற்பட்ட இடைவெளியைச் சரிசெய்வதே நோக்கம். அரும்பு, மொட்டு, மலர் என்பவை பிள்ளை இப்போது நிற்கும் இடத்தைக் காட்டும் நிலைகள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கலாம். அது அவமானமுமல்ல, நிரந்தரமுமல்ல.

இனி செயலி. மதிப்பீட்டைப் பதிய நாம் பயன்படுத்தும் பள்ளிக் கல்வித் துறையின் டிஎன்எஸ்இடி (TNSED) செயலி என்பது ஒரு பதிவேடு, அவ்வளவே. போனில் நாம் தட்டுவது சர்வருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பதிவு முடிந்ததாகக் கணக்கு. போனில் சேமிப்பது ஒரு வேலை, சர்வரோடு ஒத்திசைப்பது இன்னொரு வேலை. வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி போன்ற இடங்களில் சிக்னல் நம்மைக் கேட்டு வருவதில்லை. எனவே ஒத்திசைவு முடிந்ததா என்று பார்க்காமல் செயலியை நீக்கி மறுபடி ஏற்றுவதோ, அதன் டேட்டாவை அழிப்பதோ வேண்டாம். சர்வர் திணறும் நாளில் வகுப்பு நேரத்தில் போனோடு மல்லுக்கட்டுவதும் வேண்டாம். இந்தப் பதிவுச் சுமை பற்றி ஆசிரியர் சங்கங்கள் குரல் எழுப்பியதில் நியாயம் இருக்கிறது. முதலில் நோட்டில் குறித்துக்கொண்டு, பிறகு ஏற்றுவதே என் பரிந்துரை. நோட்டு நம்மிடம் இருந்தால் செயலி எப்போது திறந்தாலும் கவலையில்லை.

மதிப்பீட்டில் மிக முக்கியமான கருத்து ஏற்புடைமை. எதை அளப்பதாகச் சொல்கிறோமோ அதைத்தான் அந்தக் கேள்வி அளக்கிறதா என்பதே இதன் பொருள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுத் தமிழ்வழி வகுப்புக்கு வரும் பிள்ளைகள் நிறைய. “கமலாவிடம் 15 மாங்காய்கள் இருந்தன. தங்கைக்கு 7 கொடுத்தாள். மீதி எத்தனை?” என்று தாளில் கேட்டால் ஒரு பிள்ளை விழிக்கிறது. 15 புளியங்கொட்டைகளைத் தரையில் வைத்து, 7ஐ எடுத்துவிட்டுக் கேட்டால் “எனிமிதி” (தெலுங்கில் எட்டு) என்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கழித்தல் தெரியும். “மீதி” என்ற சொல்தான் தெரியவில்லை. முதல் கேள்வி கணக்கு என்ற பெயரில் தமிழைச் சோதித்தது. இந்தப் பிள்ளைக்குக் கழித்தல் வரவில்லை என்று பதிந்தால், தெரிந்த கழித்தலையே மறுபடி நடத்துவோம், தேவைப்படும் சொல்லை விட்டுவிடுவோம். கணக்கில் ‘தெரியும்’ என்றும், தமிழில் கவனம் தேவை என்றும் தனித்தனியே குறிப்பதுதான் சரி.

நம்பகத்தன்மை இன்னொரு கருத்து. ஒரே விடைத்தாளை நீங்களும் பக்கத்து வகுப்பு ஆசிரியரும் திருத்தினால் ஏறத்தாழ ஒரே மதிப்பெண் வர வேண்டும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று திருத்தும் முன்பே எழுதி வைத்தால் போதும்.

கணினியில் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் எக்செல் என்பேன். இடப்பக்கம் மேலிருந்து கீழாகப் பிள்ளைகளின் பெயர், மேல்வரிசையில் கேள்வி எண்கள். சரி என்றால் 1, தவறு என்றால் 0. ஆட்டோசம் பொத்தானை அழுத்தினால் கூட்டல் வந்துவிடும். குறுக்கே கூட்டினால் பிள்ளையின் மதிப்பெண். நம்மில் பலர் அங்கேயே நின்றுவிடுகிறோம். கீழ்நோக்கிக் கூட்டிப் பாருங்கள், ஒவ்வொரு கேள்வியையும் எத்தனை பேர் சரியாகச் செய்தார்கள் என்று தெரியும். அதை மொத்தப் பிள்ளைகளால் வகுத்தால், 20 பேரில் 5 பேர் மட்டும் சரியென்றால் 0.25, அதாவது கால் பங்கு. அப்படியானால் ஒன்று பாடம் போய்ச் சேரவில்லை, அல்லது கேள்வியே குழப்பம். இரண்டுமே பிள்ளையின் குறையல்ல.

இன்னும் ஒரு படி போகலாம். 0 போடும் இடத்தில் பிள்ளை எழுதிய தவறான விடையையே எழுதுங்கள். ஆட்டோசம் அதையும் கூட்டிவிடாதபடி வேறு தாளில் எழுதுவது நல்லது. 42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் ஏழெட்டுப் பேர் 35 என்று எழுதியிருப்பார்கள். பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார்கள். கடன் வாங்கிக் கழித்தல் மனதில் பதியவில்லை. நாளைக்கு என்ன நடத்த வேண்டும் என்பதை அந்த 35 சொல்லிவிடும், வெறும் 0 சொல்லாது. வளரறி மதிப்பீடு செய்வது இதற்காகத்தான்.

கடவுச்சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. எமிஸ் கடவுச்சொல்லை பிரவுசிங் சென்டரில் எழுதிக்கொடுத்துவிட்டு வருவது, பிள்ளைகளின் ஆதார் படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, இரண்டையும் நிறுத்திவிடுங்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைத் தனிக் கவனத்தோடு கையாளச் சொல்கிறது.

நம் மாவட்டங்களில் கட்டட வேலைக்கோ கம்பெனி வேலைக்கோ குடும்பத்தோடு ஊர் மாறுவது வாடிக்கை. பென்னாகரத்திலிருந்து ஓசூருக்குப் போகும் பிள்ளைக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும்போது, எமிஸில் அந்தப் பிள்ளையின் பதிவைப் பொதுத் தொகுப்புக்கு (காமன் பூல்) மாற்றிவிட வேண்டும். அப்போதுதான் புதிய பள்ளி அதே எமிஸ் எண்ணில் சேர்த்துக்கொள்ள முடியும். பெங்களூருவுக்குப் போனால் கதை வேறு. எமிஸ் தமிழ்நாட்டோடு நின்றுவிடும். அந்தப் பெற்றோரிடம் ஒரு வெள்ளைத்தாளில், பிள்ளைக்கு எந்த எண்வரை தெரியும், எது வாசிக்க வரும், அடுத்து எதில் உதவி வேண்டும் என்று நாலு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தனுப்புங்கள். தமிழ் படிக்கத் தெரியாத ஆசிரியரிடம் போகும் தாள் என்பதால், எண்களையும் பிள்ளை போட்ட இரண்டு கணக்குகளையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.