மூன்று வாரம் யார் தோல்?

"டாக்டரே, லேபுல தோல் வளக்காங்களாமே, அத வாங்கி வெச்சா என்ன?"

கேட்டவர் குளச்சல் பக்கத்து அம்மா. விசைப்படகில் சமைக்கும்போது கேஸ் பற்றி, மகனுக்கு உடம்பில் பாதிக்கு மேல் வெந்திருந்தது. யாரோ போனில் வீடியோ காட்டியிருக்கிறார்கள்.

வீடியோ பொய்யில்லை. 1975-லேயே அமெரிக்காவில் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும், பெருகாதபடி செய்த எலிச் செல்களை மெத்தைபோல் பரப்பி, அதன்மேல் மனிதத் தோல் செல்களை வளர்த்துவிட்டார்கள். தொட்டாலே தோல் உரியும் பிறவி நோயுள்ள 7 வயதுப் பையனுக்கு, மரபணுவைத் திருத்தி வளர்த்த தோலை உடம்பில் சுமார் 80 சதவீதம் போர்த்திய செய்தி 2017-ல் ஜெர்மனியிலிருந்து வந்தது.

ஆனால் கடையில் வாங்குகிற சரக்கு இல்லை இது. நோயாளியின் சொந்தத் தோல் தபால்தலை அளவு வேண்டும். அது வளர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். வளர்வதும் மேல்தோல் மட்டும்தான். வியர்வைச் சுரப்பி கிடையாது, மயிர்க்கால் கிடையாது, கையாளும்போதே கிழியும். செலவைச் சொல்லி அந்த அம்மாவை மேலும் நோகடிக்க எனக்கு மனமில்லை.

பிரச்சினையே அந்த மூன்று வாரம்தான். மூடாத புண்ணிலிருந்து நீரும் புரதமும் கசிந்துகொண்டே இருக்கும், கிருமி உள்ளே போகும். வழக்கமாகத் தொடையிலிருந்து மெல்லிசாகத் தோலெடுத்து ஒட்டுவோம். பாதி உடம்பு வெந்தவனுக்கு எடுக்க எங்கே இடம் இருக்கிறது? அப்போது கைகொடுப்பது இறந்தவர்கள் தந்த தோல். இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு அதைத் தள்ளிவிடும். தள்ளட்டும், அதுவரை புண்ணை மூடினால் போதும்.

கண்தானம் என்றால் தலையாட்டுகிற வீட்டிலேயே தோல் என்றதும், "உரிச்சிருவீங்களா?" என்கிறார்கள். உரிப்பதில்லை. இறந்த 6 மணி நேரத்துக்குள் தொடை, முதுகு போன்ற இடங்களிலிருந்து காகிதம்போல ஒரு படலம் எடுப்பார்கள், அவ்வளவுதான். உடை உடுத்தினால் தெரியாது. ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. 85 சதவீதக் கிளிசராலில், 4 டிகிரி குளிரில் வைத்தால் ஐந்து வருடம்வரை இருக்கும்.

அப்புறம் ஒன்று, படகில் அவனுக்குப் பற்பசை பூசியிருந்தார்கள். அதைக் கழுவி எடுப்பதற்குள் அவன் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. தீப்பட்டால் 20 நிமிடம் ஓடுகிற நல்ல தண்ணீர். வேறெதுவும் பூச வேண்டாம்.

மறுநாள் அந்த அம்மா வந்து தன் தொடையைத் தட்டிக் காட்டினார். "எனக்க தோல எடுங்க டாக்டரே."

எடுத்தோம். மார்புக்கு மட்டும் போதுமானதாக இருந்தது.