வியாழன் விருந்து, வெள்ளிக்கிழமை வயிறு

அமெரிக்காவின் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை முடிந்த மறுநாள் காலையில் எங்கள் கிளினிக்குக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "டாக்டர், நேத்து ராத்திரி படுக்கும்போது நல்லாத்தான் இருந்தேன், விடியற்காலையில இருந்து வயித்தைப் பிடிச்சு முறுக்குது, நாலு தடவை போயிட்டேன்." காய்ச்சல் இருக்கிறதா? இல்லை. வாந்தி? பெரிதாக இல்லை. அடுத்த வரியும் எனக்கு மனப்பாடம்: "டர்க்கி சரியா வேகலைன்னு நினைக்கிறேன்."

நியூ ஜெர்சியில் குடும்ப மருத்துவம் பார்க்கிறேன், தமிழ்க் குடும்பங்கள் நிறைய வருகின்றன. குழந்தைகள் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து "நம்ம வீட்லயும் டர்க்கி பண்ணணும்" என்று அடம்பிடிக்க, நவம்பர் நான்காவது வியாழனுக்கு முழு வான்கோழி வாங்கும் வீடுகள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் பழியை டர்க்கி வெந்த விதத்தின் மேல் போடுவதற்கு முன்னால், அது வெந்த பிறகு எங்கே எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நான் கேட்பதும் அதைத்தான். பதிலும் எப்போதும் ஒன்றுதான்: மூன்று மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம், பேசிக்கொண்டே இருந்தோம், யாராவது வந்தால் இன்னொரு துண்டு, ராத்திரி பத்து மணிக்குத்தான் எடுத்து உள்ளே வைத்தோம்.

இந்த வயிற்று முறுக்கலுக்கு அடிக்கடி காரணமாகும் கிருமியின் பெயர் க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ். அமெரிக்காவில் வருஷத்துக்கு ஏறக்குறைய 10 லட்சம் பேருக்கு இதனால் நோய் வருகிறது என்பது நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசியின் கணக்கு. விருந்துக் காலமான நவம்பர், டிசம்பரில் கூட்டமாக வருவது அதிகம். இதன் வித்துகள் சமையல் சூட்டிலும் சாவதில்லை. ஆழமான பாத்திரத்தில் கிரேவி மெதுவாக ஆறும்போது, வெதுவெதுப்பான அந்தச் சில மணி நேரத்தில் முளைத்துப் பெருகுகின்றன. சாப்பிட்ட 6 முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றுவலியும் பேதியும். பெரும்பாலும் ஒரே நாளில் நின்றுவிடும். டர்க்கியை எத்தனை நேரம் கூடுதலாக வேகவைத்தாலும் இதைத் தடுக்க முடியாது, சீக்கிரம் ஆறவைப்பதுதான் வழி.

அதனால் கடிகாரத்தைப் பாருங்கள். ஓவனிலிருந்து எடுத்த நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் மிச்சமெல்லாம் ஃப்ரிட்ஜுக்குள் போயிருக்க வேண்டும். முழுப் பறவையாக உள்ளே தள்ளாதீர்கள், நடுப்பகுதி ஆற ராத்திரி பூரா ஆகும். கறியை எலும்பிலிருந்து பிரித்து, ஆழமில்லாத டப்பாக்களில் பரப்பி வையுங்கள். "சூடா வெச்சா ஃப்ரிட்ஜ் கெட்டுப்போயிடும்" என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு உண்டு, கொஞ்சம் ஆவி அடங்கியதும் தாராளமாக வைக்கலாம். நம் வீடுகளில் சாம்பாரை ராத்திரி அடுப்பு மேலேயே விட்டுவிட்டுக் காலையில் கொதிக்க வைக்கும் பழக்கமும் இருக்கிறதே, அதை டர்க்கி கிரேவியிடம் காட்ட வேண்டாம். டர்க்கிக்குப் பக்கத்திலேயே பிரியாணியும் இருந்தால் (நம்மவர் விருந்தில் இல்லாமல் எப்படி!) சோற்றுக்கும் அதே 2 மணி நேரம்தான், அதற்கென்று தனிக் கிருமி இருக்கிறது.

இனி டர்க்கியை இளக்கி வேகவைக்கும் முதல் பாதிக்கு வருவோம். உறைந்த டர்க்கியை ஃப்ரிட்ஜில் வைத்து இளக்க 4 முதல் 5 பவுண்டுக்கு ஒரு நாள் பிடிக்கும். 16 பவுண்டுப் பறவை என்றால் நாலு நாள் முழுசாக ஒதுக்குங்கள், ஞாயிற்றுக்கிழமையே ஃப்ரீசரிலிருந்து கீழே இறங்கியாக வேண்டும். ஆனால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இட்லி மாவுக் குண்டான் உட்கார்ந்திருக்கும், அதை யார் நகர்த்துவது? எனவே டர்க்கி கிச்சன் மேடையிலேயே நிற்கும், இல்லாவிட்டால் "வெளியே குளிர்தானே" என்று கராஜுக்குப் போகும். இரண்டும் வேண்டாம். மேடையில் வைத்தால் நடுப்பகுதி கல் மாதிரி இருக்கும்போதே மேல்தோல் கிருமி வளரும் சூட்டுக்கு வந்துவிடும், கராஜின் குளிர் மணிக்கொரு மாதிரி மாறும். மாவைச் சின்ன டப்பாக்களில் பிரித்து மேல்தட்டுக்கு மாற்றுங்கள். டர்க்கி கீழேதான் இருக்க வேண்டும், விளிம்பு உயர்ந்த ட்ரேயில், ஏனென்றால் அதிலிருந்து நீர் வடியும். புதன்கிழமை ராத்திரிதான் ஞாபகம் வந்தது என்றால், உறையோடு குளிர்ந்த தண்ணீரில் முக்கி அரைமணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், பவுண்டுக்கு அரைமணி நேரம் கணக்கு. வியாழன் காலையிலும் உறைந்தே இருந்தால் அப்படியே ஓவனில் வைக்கலாம், அதில் தப்பில்லை, நேரம் மட்டும் குறைந்தது ஒன்றரை மடங்காகும்.

கழுவுவது பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ மாமியாரோ, மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்டு மூன்று தண்ணீர் அலசாத கறியைக் கையால் தொடமாட்டார்கள். ஊரில் அதற்கு அர்த்தம் இருந்தது, வெட்டின கறியில் ரத்தமும் எலும்புத் துணுக்கும் ஒட்டியிருக்கும். இங்கே சுத்தம் செய்து உறையிட்டு வரும் டர்க்கியைக் குழாயடியில் காட்டினால் கிருமி போகாது, தெறிக்கும். சிங்கைச் சுற்றி, பக்கத்தில் நறுக்கி வைத்த சாலட் மேல், பாத்திரத் துணி மேல். கறியில் இருக்கும் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்ற கிருமிகள் ஓவன் சூட்டில் செத்துவிடும், சாலட்டில் தெறித்ததை யார் வேகவைக்கப் போகிறார்கள்? மனசு கேட்காவிட்டால் பேப்பர் டவலால் ஒற்றி எடுத்துவிட்டு, மஞ்சளையும் உப்பையும் மசாலாவாகவே தடவச் சொல்லுங்கள். பல வீட்டில் இந்தச் சமரசம் செல்லுபடியாகியிருக்கிறது. அப்புறம் உள்ளே கைவிட்டுப் பாருங்கள், கழுத்துப் பக்கமும் வயிற்றுப் பக்கமும், ஈரல் வகையறா ஒரு பையில் இருக்கும். முதல்தடவை செய்பவர்கள் அதைப் பையோடு வேகவைப்பது சகஜம், அது பிளாஸ்டிக்காக இருந்து உருகிவிட்டால் பறவையே வீண்.

வெந்ததா என்பதை நிறம் சொல்லாது, வடியும் சாறும் சொல்லாது. வெந்ததும் எழும்பும் என்று கறியில் செருகியே வரும் பிளாஸ்டிக் பொத்தான் மேலே எழும்பிவிட்டது என்பதையும் நான் முழுசாக நம்பமாட்டேன். கறி தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், ஓரளவு நல்லதே 15 டாலருக்குக் கிடைக்கும். தொடை உடம்போடு சேரும் உள்மடிப்பில், எலும்பில் படாமல் சாய்வாகச் செருகி, எண் நிற்கும்வரை பொறுங்கள். எலும்பில் முட்டினால் தவறான அளவைக் காட்டும். பிறகு மார்பின் தடித்த இடம், இறக்கையின் உள்பக்கம். மூன்றிலும் 165 டிகிரி ஃபாரன்ஹீட் வர வேண்டும். பறவைக்குள்ளே ஸ்டஃபிங் (ரொட்டிக் கலவை) திணித்திருந்தால் அதன் நடுவிலும் அதே 165. மார்பு 170 தொட்டபோதும் ஸ்டஃபிங் 140-லேயே நிற்பதுண்டு, அதனால் ஸ்டஃபிங்கைத் தனித் தட்டில் வைத்தே சுடுங்கள் என்பேன்.

எண்ணெயில் முழு டர்க்கி பொரிப்பதைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை. வீட்டுச் சமையலறைத் தீ விபத்துகள் அமெரிக்காவில் அதிகம் நடக்கும் நாளே தேங்க்ஸ்கிவிங்தான். கொஞ்சம் ஐஸ் ஒட்டியிருந்தாலும் கொதிக்கும் எண்ணெய் பொங்கி அடுப்பில் வழியும். வேண்டாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த மேஜையில் டர்க்கி பிரச்சினையே இல்லை. உருளை மசியல், மார்ஷ்மெல்லோ போட்ட சர்க்கரைவள்ளி, ரொட்டி ஸ்டஃபிங், க்ரான்பெர்ரி சாஸ், பம்ப்கின் பை, எல்லாம் மாவும் சர்க்கரையும். சாப்பிட்டதும் கண் சொக்குவதற்குக் காரணம் இவற்றை ஒரே வேளையில் அடுக்கியதுதான். டர்க்கியில் ஏதோ தூக்கமருந்து இருக்கிறது என்று சொல்வார்கள், அவர்கள் சொல்வது ட்ரிப்டோஃபேன் என்ற புரதக்கூறு, கோழியில் இருக்கும் அளவுதான் அதிலும்.

எனக்கு உண்மையில் கவலை, விசிட்டர் இன்சூரன்ஸோடு வந்திருக்கும் பெற்றோரைப் பற்றித்தான். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளைக்குச் செலவாகும் என்று பேதியை இரண்டு நாள் மறைப்பார்கள், பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அவற்றில் சில சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று டாக்டரிடம் போனில் கேளுங்கள், நீங்களாக முடிவெடுக்காதீர்கள். மலத்தில் ரத்தம், 102 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தண்ணீர்கூட உள்ளே தங்காத வாந்தி, எழுந்தால் தலைசுற்றல், சிறுநீர் குறைவது, மூன்று நாளுக்கு மேல் பேதி, இதில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மற்றபடி ஓஆர்எஸ் கரைசல், கஞ்சி, மோர் போதும்.

டப்பாவில் வைத்த மிச்சம் ஃப்ரிட்ஜில் மூன்று நாலு நாள் தாங்கும். திங்கட்கிழமைக்கு மேல் என்றால் வெள்ளிக்கிழமையே ஃப்ரீசரில் போடுங்கள், எடுத்துச் சூடாக்கும்போது கறி 165 டிகிரி, கிரேவி தளதளவென்று கொதி.